உஷார்! ‘ஆராய்ச்சியில் நிரூபணம்’ என்று வருவதையெல்லாம் வாயில் போடாதீர்கள்!

அப்படி வந்த மெசேஜை இன்னொருவருக்கு அனுப்பும் முன்பு இதைப் படித்துவிடுங்கள். அதில் சொன்னதைச் செய்து பார்க்கலாம் என்று கிளம்பியிருந்தால், கண்டிப்பாகப் படியுங்கள்!

‘இதைச் சாப்பிட்டால் அந்த நோய் ஓடிப்போகும், விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு’ என்று உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இந்த வாரமும் ஒன்று வந்திருக்கும். பெரியப்பா அனுப்பியிருப்பார். இல்லையென்றால் எதிர்வீட்டு அக்கா. நல்ல மனசோடுதான் அனுப்பியிருப்பார்கள். எனக்குப் பயமே அதுதான். முன்பின் தெரியாதவர் சொன்னால் யோசிப்போம். சொந்தபந்தம் சொன்னால் அப்படியே செய்துவிடுவோம்.

பொய்ச் செய்தியை நம்பாதீர்கள் என்று ஆளாளுக்குச் சொல்லியாயிற்று. நான் சொல்ல வருவது அது இல்லை. ஆராய்ச்சி நிஜமாகவே நடந்திருக்கும். பல்கலைக்கழகம் நிஜம். டாக்டர் பெயர் நிஜம். கூகுளில் தட்டினால் எல்லாம் வந்து நிற்கும்.

ஆனாலும் உயிர் போகும்!

2020 மார்ச். கொரோனாவுக்குப் பயந்து உலகமே கதவைச் சாத்திக்கொண்டிருந்த நேரம். அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தில் ஒரு தம்பதி. இருவருக்கும் அறுபது வயதைத் தாண்டிவிட்டது. பெரிதாக நோய் ஒன்றும் வந்துவிடவில்லை. வந்துவிடுமோ என்ற பயம்தான். டி.வி.யைப் போட்டால் குளோரோகுயின் என்ற மலேரியா மருந்தைப் பற்றியே பேச்சு. பிரான்சில் கொடுத்துப் பார்த்தார்களாம், வைரஸ் காணாமல் போகிறதாம். நாட்டின் அதிபரே அதைப் புகழ்கிறார். அந்த அம்மாவின் கண்ணில், அலமாரியில் இருந்த ஒரு டப்பா பட்டது. வளர்ப்பு மீன்களுக்கு ஒட்டுண்ணி வராமல் இருக்கத் தொட்டியில் போடும் பொடி. லேபிளில் குளோரோகுயின் பாஸ்பேட் என்று எழுதியிருந்தது.

ஆளுக்கு ஒரு டீஸ்பூன். சோடாவில் கலந்து குடித்துவிட்டார்கள்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை, இருவருக்கும் உடம்பு படுத்த ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கணவர் இறந்துவிட்டார். மனைவி உயிருக்குப் போராடி மீண்டார்.

டி.வி.யில் சொன்ன பெயரும் சரி, டப்பாவில் இருந்த பெயரும் சரி. விட்டுப்போனது அளவு! குளோரோகுயினில் மருந்தாகும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. கூடிப்போனால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். மீன் தொட்டிக்கு விற்கும் பொடியில் மனிதருக்கு எவ்வளவு என்று யார் எழுதிவைக்கப் போகிறார்கள்?

அவ்வளவு பேரும் கொண்டாடிய அந்த பிரான்ஸ் ஆராய்ச்சிதான் என்ன? மார்சேய் நகரில், குளோரோகுயினின் நெருங்கிய உறவான ஹைட்ராக்ஸி குளோரோகுயினை வைத்து நடந்தது. மொத்தமே 36 பேரின் கணக்கு. முதலில் 26 பேருக்கு மருந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். முடிவில் 20 பேர்தான் கணக்கில் வந்தார்கள். மற்ற ஆறு பேர் எங்கே? மூன்று பேர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட்டார்கள். ஒருவர் குமட்டல் தாங்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். ஒருவர் ஆஸ்பத்திரியை விட்டே போய்விட்டார். ஒருவர் இறந்துபோனார். இந்த ஆறு பேரையும் ஒதுக்கிவிட்டு, மூக்கில் வைரஸ் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துத்தான் மருந்து வேலை செய்கிறது என்றார்கள்.

இதெல்லாம் ரகசியம் இல்லை. அந்தக் கட்டுரையிலேயே இருந்தது. உலகத்துக்குப் பரவிய செய்தியில்தான் இல்லை. அதே ஆண்டு ஜூன் மாதம் பிரிட்டனில் சுமார் 4,700 உள்நோயாளிகளை வைத்து ஹைட்ராக்ஸி குளோரோகுயினைச் சோதித்து, பலன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மார்சேய் கட்டுரையை அதை வெளியிட்ட இதழே 2024 டிசம்பரில் வாபஸ் வாங்கியது. நாலே முக்கால் வருஷம் கழித்து! நடுவில், லூபஸ் நோய்க்காக அதே மாத்திரையை நம்பி இருந்தவர்கள் கடை கடையாக ஏறி இறங்கியது தனிக் கதை.

செய்தியில் இருப்பதைவிட, அதில் விட்டுப்போனதுதான் ஆளைக் கொல்கிறது.

‘அவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள், நான் அப்படி எதையும் எடுத்துக் குடிக்க மாட்டேன்’ என்கிறீர்களா? சரி. மாத்திரை சாப்பிடுவதை நிறுத்தினால்கூட ஆபத்து உண்டு. அதையும் கேளுங்கள். பெண்பிள்ளை வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாகக் கேளுங்கள்.

1995 அக்டோபர், பிரிட்டன். புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் சாப்பிட்டால் ரத்தம் கட்டும் ஆபத்து இரண்டு மடங்கு என்று அரசின் மருந்துப் பாதுகாப்புக் குழு டாக்டர்களுக்கு அவசரக் கடிதம் அனுப்பியது. டி.வி., பத்திரிகை எல்லாவற்றிலும் அதே செய்தி. இரண்டு மடங்கு! நூறு சதவீதம் அதிகம்! கேட்டால் யாருக்குத்தான் கை நடுங்காது? எத்தனையோ பெண்கள் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

எதிலிருந்து இரண்டு மடங்கு என்று யாரும் கேட்கவில்லை. பழைய மாத்திரை சாப்பிட்ட 7,000 பெண்களில் ஒருவருக்கு ரத்தக்கட்டு வந்தது. புதிய மாத்திரை சாப்பிட்ட 7,000 பேரில் இருவருக்கு. அவ்வளவுதான். ஏழாயிரம் பேருக்கு ஒரே ஒருவர் கூடுதல்.

அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் வழக்கத்தைவிடச் சுமார் 13,000 கூடின. இதில் கொடுமை என்னவென்றால், கர்ப்பமானாலே ரத்தக்கட்டு ஆபத்து அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம். எதற்குப் பயந்து மாத்திரையை நிறுத்தினார்களோ, அதிலேயே இன்னும் ஆழமாகப் போய் விழுந்தார்கள். ஆராய்ச்சி செய்தவர்கள் பொய் சொல்லவில்லை. பத்திரிகைகளும் பொய் சொல்லவில்லை. அந்த ‘7,000’ மட்டும் விட்டுப்போயிற்று.

ஆகவே உஷார்! கீழே சொல்லும் அறிகுறிகளில் ஒன்று தென்பட்டாலும் மேலே போகாதீர்கள்.

சதவீதம் மட்டும் இருக்கிறதா? நில்லுங்கள்!
‘50 சதவீதம் அதிகம்’, ‘மூன்று மடங்கு ஆபத்து’ என்று இருந்தால், எத்தனை பேரில் எத்தனை பேர் என்று தேடுங்கள். அந்த எண் இல்லாத செய்தி அரைச் செய்திதான். அதை வைத்து எந்த மாத்திரையையும் தொடங்காதீர்கள், நிறுத்தாதீர்கள்.

எத்தனை பேரை வைத்துச் செய்தார்கள்?
2015இல் ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர் வேண்டுமென்றே ஒரு காரியம் செய்தார். சாக்லேட் சாப்பிட்டால் எடை வேகமாகக் குறையும் என்று ஆராய்ச்சி! ஜெர்மனியில் நிஜமான ஆட்களை வைத்துத்தான் நடத்தினார். ஆனால் 15 பேர், மூன்று வாரம். எடை, கொலஸ்ட்ரால், தூக்கம் என்று ஒவ்வொருவரிடமும் 18 விஷயங்களை அளந்தார்கள். பதினெட்டு கல் விட்டெறிந்தால் ஒரு மாங்காயாவது விழாதா? விழுந்ததை மட்டும் எடுத்துக் காட்டினார். பணம் வாங்கிக்கொண்டு ஒரு மருத்துவ இதழ் அதை வெளியிட்டது. ஜெர்மனியின் பெரிய நாளிதழான ‘பில்ட்’ முதல் பக்கத்தில் போட்டது. அவர் சொன்ன ஆராய்ச்சி நிறுவனம் வெறும் ஒரு இணையதளம்! பிறகு அவரே வெளியே வந்து, இத்தனையும் உங்களைச் சோதிக்கத்தான் செய்தேன் என்று சொன்னார். அவர் சொன்னார், சரி. சொல்லாதவர்கள் எத்தனை பேரோ!

உடம்பிலா, கண்ணாடித் தட்டிலா?
ஐவர்மெக்டின் ஞாபகம் இருக்கிறதா? 2020 ஏப்ரலில் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள், அது கொரோனா வைரஸைக் கட்டுப்படுத்துகிறது என்றார்கள். உண்மைதான். ஆனால் ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில்! அந்த அளவு மருந்து ரத்தத்தில் ஏற வேண்டுமென்றால், டாக்டர் எழுதிக் கொடுக்கும் அளவைப்போலப் பல மடங்கு விழுங்க வேண்டும். அமெரிக்காவில் குதிரைக்கும் மாட்டுக்கும் கொடுக்கும் ஐவர்மெக்டினை வாங்கித் தின்றே ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. நீங்கள் குதிரை இல்லை என்று அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே 2021இல் கெஞ்ச வேண்டியதாயிற்று.

‘புற்றுநோய்ச் செல்களைக் கொல்லும் இலை’ என்று வருவதும் பெரும்பாலும் இந்தத் தட்டுக் கதைதான். தட்டில் பினாயில் ஊற்றினால்கூடத்தான் செல் சாகும்.

‘உலக சுகாதார நிறுவனம் பட்டியலில் சேர்த்துவிட்டது’
புற்றுநோய் வரவைக்கும் பொருட்களின் பட்டியலில் பதப்படுத்திய இறைச்சியும் சிகரெட்டும் ஒரே பிரிவில் இருப்பது உண்மை. ஆதாரம் இரண்டுக்கும் உறுதியாக இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். ஆபத்து சமம் என்று இல்லை. டயட் பானங்களில் சேர்க்கும் அஸ்பார்டேம் 2023இல் ‘இருக்கலாம்’ என்ற பிரிவில் சேர்ந்தது. 70 கிலோ எடை உள்ளவர் தினமும் 9 முதல் 14 கேன் குடித்தால்தான் அனுமதித்த அளவைத் தாண்டும் என்று அப்போதே சொன்னார்கள். அந்த வரி எந்த ஃபார்வர்டிலும் வரவில்லை. அதே பிரிவில் ‘ஆசிய ஊறுகாய்’ என்றும் ஒன்று உண்டு. அது சீனா, கொரியா, ஜப்பான் பக்கம் காய்கறியைப் புளிக்கவைத்துச் செய்வது. நம் வீட்டு மாவடுவை யாரும் குற்றம் சொல்லவில்லை. (பி.பி. இருப்பவர்கள் மாவடுவைக் குறைக்க வேண்டியது உப்புக்காக. அது வேறு.)

ஒரே ஒரு ஆராய்ச்சியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்களா? ஓடுங்கள்!
1998இல் லண்டனில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற டாக்டர், 12 குழந்தைகளை வைத்து, தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்குமோ என்று ‘லான்செட்’ இதழில் எழுதினார். அதற்குப் பிறகு லட்சக்கணக்கான குழந்தைகளை வைத்துப் பார்த்தும் தொடர்பு இல்லை. 2010இல் கட்டுரையை வாபஸ் வாங்கினார்கள். அவருடைய டாக்டர் பதிவையும் ரத்து செய்தார்கள். ஆனால் அதற்குள் ஊசி போடாமல் விட்ட குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள். 2012 நவம்பரில் வேல்ஸில் ஸ்வான்சீ வட்டாரத்தில் தட்டம்மை கிளம்பியது. அடங்குவதற்குள் 1,200க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று என்று பதிவானது. 25 வயதுப் பையன் ஒருவன் செத்துப்போனான்.

பெற்றவர்கள் பாசத்தில் எடுத்த முடிவு, பதினைந்து வருஷம் கழித்து வந்து கதவைத் தட்டியது.

இங்கேயும் நடந்ததே! 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட்டார்கள். வாட்ஸ்அப்பில் கிளம்பிய பீதியில் எத்தனையோ பேர் தங்கள் பிள்ளைக்கு ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டி வந்தது.

இவ்வளவு சொன்னதும் சிலர் அடுத்த பக்கம் சாய்வீர்கள். ‘ஆராய்ச்சி என்றாலே பித்தலாட்டம்தான்’ என்று. அதுவும் ஆபத்து! விநோதமான ஆராய்ச்சியைக் கண்டால் சிரிப்பு வரத்தான் செய்யும். அமெரிக்காவில் விஷப் பல்லி ஒன்று உண்டு, கிலா மான்ஸ்டர் என்று பெயர். அதன் எச்சிலில் ஊறும் விஷத்தில் என்ன இருக்கிறது என்று ஜான் எங் என்ற டாக்டர் தேடிக்கொண்டிருந்தார். பல்லி எச்சிலுக்கெல்லாமா ஆராய்ச்சி என்று கேட்கத் தோன்றும். அதில் கிடைத்த பொருளை வைத்துத்தான் எக்ஸனடைடு என்ற சர்க்கரை நோய் ஊசி வந்தது. 2005இல் அனுமதி கிடைத்தது. இன்று ஊரெல்லாம் பேசும் எடை குறைக்கும் ஊசிகளும் அந்த மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். கண்டுபிடித்ததிலிருந்து ஊசியாக வருவதற்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று என்பதையும் பாருங்கள். (தயவுசெய்து யாரும் உடும்பைத் தேடிக் கிளம்பாதீர்கள். அதைப் பிடித்தால் ஜெயில்!)

கடைசி அறிகுறி. இதுதான் எல்லாவற்றிலும் மோசம்.
‘இனி இன்சுலின் வேண்டாம்’, ‘பி.பி. மாத்திரையைத் தூக்கி எறியுங்கள்’, ‘கீமோ தேவையில்லை’ என்று செய்தி சொன்னால், அதன் கீழே எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தாலும் சரி, அழித்துவிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் சத்தமில்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். கேட்டால் சாப்பிட்டாயிற்று என்பார்கள். அட்டையில் எத்தனை மாத்திரை மீதம் இருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். நிறுத்தியிருந்தால் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை அட்டையை ஒளித்துவைப்பார்கள். அன்றைக்கே டாக்டருக்கு போன் போட்டு, எத்தனை நாள் விட்டுப்போனது என்று சொல்லி, எப்படி மறுபடி தொடங்குவது என்று கேளுங்கள். விட்டதற்கும் சேர்த்து ஒரே நாளில் விழுங்கவைத்துவிடாதீர்கள்!

யாராவது ஏற்கெனவே எதையாவது கலக்கிக் குடித்துவிட்டார்களா? மயக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108க்குக் கூப்பிடுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு குடித்தார் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த டப்பா, பாக்கெட், மிச்சப் பொடி, இதைச் செய்யச் சொன்ன மெசேஜ் இருக்கும் போன் எல்லாவற்றையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். எதைக் குடித்தார் என்று தெரிந்தால்தான் எந்த மாற்று மருந்து கொடுப்பது என்று கேஷுவாலிட்டியில் இருக்கும் டாக்டர் முடிவு செய்ய முடியும்.