மின்சாரக் காரும் கழுவும் இயந்திரமும்: அஞ்ச வேண்டியது எதற்கு?

புலம்பெயர்ந்து வந்த எம்மவர் ஜேர்மனியில் முதலில் அறிந்துகொள்ளும் சிறு ஒழுங்குகளுள் ஒன்று, ஒரு வாளித் தண்ணீரும் சவர்க்காரமுமாகக் காரை வீதியோரத்தில் நிறுத்திக் கழுவ முடியாது என்பதாகும். காரிலிருந்து வழியும் எண்ணெயும் சவர்க்கார நீரும் நிலத்தடி நீரைக் கெடுக்கும் என்பதால் பல நகரசபைகள் அதனைத் தடைசெய்துள்ளன. மீறுவோர் தண்டப்பணம் செலுத்த நேரிடும். எனவே கழுவும் நிலையத்தைத் தேடிச் செல்வதே வழி. அதிலும் மாரிகாலத்தில் வீதிகளில் தூவப்படும் உப்பு வாகனத்தின் அடிப்பாகத்தை அரிக்கத் தொடங்கும்போது, காரைக் கழுவுதல் ஆடம்பரம் அன்று. அதன் ஆயுளைக் காக்கும் செயலாகும்.

இந்தப் பழகிப்போன வேலை, மின்சாரக் கார்களின் வரவோடு பலருக்குப் புதிய ஐயமாக மாறியிருக்கின்றது. நோர்வேயில் 2024ஆம் ஆண்டு விற்பனையான புதிய கார்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய 89 முற்றிலும் மின்சாரத்தில் இயங்குபவை. ஏனைய ஐரோப்பிய நாடுகளிலும் வாடகைக் கார்களும், பொதிகளைக் கொண்டுசெல்லும் வாகனங்களும், வீடு வீடாகச் சென்று முதியோரைப் பராமரிப்போரின் கார்களும் படிப்படியாக மின்சாரத்துக்கு மாறி வருகின்றன. இவற்றைச் செலுத்துவோரில் எம்மவரும் உள்ளனர். அவர்களிற் பலருக்கு அந்தக் கார் சொந்தமானதன்று. வேலை கொடுத்தவருடையது, அல்லது மாதாந்தத் தவணையில் பெற்றது. அதில் ஏற்படும் ஒரு சேதம் ஒரு மாதச் சம்பளத்தையே விழுங்கிவிடக்கூடும்.

மின்சாரமும் நீரும் ஒன்றுக்கொன்று பகை என்பது சிறு வயதிலேயே எமக்குச் சொல்லித் தரப்பட்ட பாடம். ஈரக் கையால் ஆளியைத் தொடாதே என்று அதட்டி வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஆகவே மின்சாரக் காரை நீர் பாயும் இயந்திரத்துக்குள் கொண்டு செல்லலாமா என்று தயங்குவது இயல்பே. ஆனால் இத்தயக்கம் தவறான இடத்தில் நிற்கின்றது. ஆபத்து நீரில் இல்லை. காரின் தானியங்கும் அறிவிலும், அதனைக் கணக்கில் எடுக்காத பழைய அறிவிப்புப் பலகையிலுமே இருக்கின்றது.

நீரால் கேடு விளையுமா?

மின்சாரக் காரின் பெரிய மின்கலத் தொகுதி, தரைக்குக் கீழே, நன்கு அடைக்கப்பட்ட பெட்டியொன்றினுள் பொருத்தப்பட்டுள்ளது. அதன் மின்னழுத்தம் பெரும்பாலான கார்களில் ஏறத்தாழ 400 வோல்ற்று. சிலவற்றில் 800 வோல்ற்று. செம்மஞ்சள் நிறக் கவசமிட்ட கம்பிகளினூடாகவே இம்மின்சாரம் செல்கின்றது. இதன் நேர்முனையோ எதிர்முனையோ காரின் உலோக உடலுடன் இணைக்கப்படுவதில்லை. கார் நிறுத்தப்பட்டு மின்னோட்டம் துண்டிக்கப்பட்டதும், மின்கலத்தின் வாயிலில் உள்ள ஆளிகள் திறந்து, உயர் மின்னழுத்தம் பெட்டிக்குள்ளேயே அடங்கிவிடும்.

ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழு வகுத்த 100ஆம் இலக்க ஒழுங்குவிதி, கழுவும்போதும் தேங்கிய நீரினூடாகச் செல்லும்போதும் மின்காப்புக் கெடாதிருத்தல் வேண்டும் என்கின்றது. இதனை நிறுவுவதற்கு அது விவரிக்கும் சோதனைகளில் ஒன்று, நிமிடத்துக்குப் பன்னிரண்டரை லீற்றர் நீரைக் குழாயினால் வாகனத்தின் மீது பாய்ச்சுவது. மற்றொன்று, 10 சென்ரிமீற்றர் ஆழமான நீரில் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் 500 மீற்றர் தூரம் ஓட்டுவது. எனவே மழையும் சாதாரணக் கழுவலும் காரை வடிவமைத்தவர்கள் எதிர்பார்த்தவையே.

இங்கே ஒரு குறிப்பை மறக்கலாகாது. உயர் அழுத்த நீரை அடிப்பாகத்தில் பாய்ச்சுவதை இந்தச் சோதனை உள்ளடக்கவில்லை. நாமே கையிற் பிடித்துக் கழுவும் அழுத்தக் குழாயை மின்னேற்றும் துவாரத்துக்கோ, கம்பி இணைப்புகளுக்கோ, கதவு இறப்பர்களுக்கோ அண்மையில் வைத்து அடிக்கக்கூடாது. ரெஸ்லா நிறுவனத்தின் கைந்நூல் குறைந்தது 30 சென்ரிமீற்றர் இடைவெளி வேண்டும் என்கின்றது. மின்னேற்றக் கம்பி செருகப்பட்டிருக்கும்போது அத்துவாரத்தை நோக்கி நீரைப் பாய்ச்சுவது முற்றாகத் தவிர்க்கப்பட வேண்டியது.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 2022ஆம் ஆண்டு ஐயன் சூறாவளியின் பின்னர் சில மின்சாரக் கார்கள் தீப்பற்றிய செய்தியைப் பலர் நினைவில் வைத்திருப்பர். அவை கடல்நீர் புகுந்த வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த கார்கள். உப்புநீர் மின்கலத்தினுள் புகுந்தால், அது வற்றிய பின்னும் எஞ்சும் உப்பு மின்சாரத்துக்குத் தவறான பாதையைத் திறந்துவிடும். சில நிமிடங்கள் காரின் மேற்புறத்தைக் கழுவிச் செல்லும் நன்னீரை அதனோடு ஒப்பிடுதல் பொருந்தாது. ஆயினும், கல்லிலோ வீதித் தடுப்பிலோ அடிப்பாகம் பலமாக மோதியிருந்தால், அல்லது திரையில் மின்கல எச்சரிக்கை தோன்றியிருந்தால், அக்காரைக் கழுவக் கொண்டுசெல்லாது திருத்துமிடத்துக்கே கொண்டுசெல்ல வேண்டும்.

இருவகை நிலையங்கள்

தானியங்கிக் கழுவும் நிலையங்கள் பெரும்பாலும் இருவகைப்படும். முதலாவது வகையில் கார் அசையாது நிற்கும். தூரிகைகள் பொருத்திய பெரிய வளைவு ஒன்று முன்னும் பின்னுமாக நகர்ந்து கழுவும். சுழலும் தூரிகைகளைக் கொண்ட இத்தகைய தானியங்கி இயந்திரத்துக்கு ஜேர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரைச் சேர்ந்த இருவர் 1962இல் காப்புரிமை கோரினர். பெற்றோல் நிலையங்களின் அருகே நாம் காண்பது பெரும்பாலும் இதுவே. இங்கு காரை நிறுத்தி, தரிப்பு நிலையாகிய ‘பி’யில் விட்டு, வெளியே வந்துவிடலாம். மின்சாரக் காருக்கு இதுவே சிக்கல் குறைந்த வழி.

இரண்டாவது வகை, நீண்ட சுரங்கம் போன்றது. இங்கு காரின் ஒரு பக்கச் சில்லுகளை ஒரு தடத்தில் ஏற்றி நிறுத்த வேண்டும். தடத்தில் நகரும் உருளை ஒன்று சில்லின் பின்னால் வந்து காரை மெல்ல முன்னே தள்ளிச் செல்லும். கார் தடையின்றி உருண்டால் மட்டுமே இது நடைபெறும். முன்னும் பின்னும் வேறு கார்கள் வந்துகொண்டிருக்கும். சிக்கல் எழுவது இங்கேதான்.

பழைய அறிவிப்பும் புதிய காரும்

சுரங்கத்தின் வாயிலில் பொதுவாக மூன்று கட்டளைகள் எழுதப்பட்டிருக்கும்: இயந்திரத்தை நிறுத்துக, கியரை விடுவிக்குக, கைப்பிரேக்கை எடுத்துவிடுக. பெற்றோல் கார் ஓட்டியவருக்கு இவற்றில் குழப்பம் இல்லை. ஆனால் மின்சாரக் காரில் முதற் கட்டளையை அப்படியே நிறைவேற்றி, காரை அணைத்தால் என்ன நடக்கும்? பல கார்கள் உடனே தாமாகவே தரிப்பு நிலைக்குச் சென்று சில்லுகளைப் பூட்டிவிடும். அறிவிப்புக்குக் கீழ்ப்படிந்த சாரதியே சுரங்கத்தை மறித்தவராகிவிடுவார். சில்லு உருளையை விட்டு வழுவும். பின்னால் வரும் கார் வந்து மோதும்.

காரை அணைக்காவிட்டாலும் வேறு பொறிகள் உள்ளன. சாரதி கதவைத் திறந்தாலோ, ஆசனத்தை விட்டு எழுந்தாலோ, பல கார்கள் அதே போன்று பூட்டிக்கொள்கின்றன. முன்னே தூரிகை வருவதைத் தடையென எண்ணி உணரிகள் ஓயாது ஒலியெழுப்பும். பழகாதவர் அவ்வொலியில் திடுக்கிட்டுப் பிரேக்கை அழுத்திவிடுவார். மழையை அறிந்து தானே இயங்கும் கண்ணாடி துடைப்பான், நீர் பட்டதும் எழுந்து தூரிகையிற் சிக்கும். திறப்பு அருகில் இருந்தால் காலசைவுக்குத் திறக்கும் பின்கதவு, தூரிகையின் அசைவையும் காலசைவென்று கொள்ளக்கூடும்.

இதனை உணர்ந்தே சில நிறுவனங்கள் ‘கழுவும் நிலை’ என்ற ஏற்பாட்டைத் தந்துள்ளன. ரெஸ்லா கார்களில் இதனைத் திரையின் பராமரிப்புப் பகுதியில் காணலாம். இதனை அழுத்தியதும் யன்னல்கள் மூடப்படும். மின்னேற்றும் துவாரம் பூட்டப்படும். துடைப்பானும் உணரிகளின் ஒலியும் நிறுத்தப்படும். சுரங்கத்துக்கென்று, கார் தடையின்றி உருளும் தெரிவு அதனுள் தனியாக உண்டு. அதனையும் அழுத்த வேண்டும். மணிக்கு 15 கிலோமீற்றரைக் கடந்ததும் இந்நிலை தானாக நீங்கிவிடும். ஏனைய நிறுவனங்களின் கார்களில் வழிமுறை வேறுபடும். அதனை அறியும் ஒரே இடம் காரின் கைந்நூல்.

அதே கைந்நூல், இயந்திரத்தில் கழுவுவதாயின் தூரிகை தொடாத, நீரழுத்தத்தால் மட்டும் கழுவும் வகையையே பயன்படுத்துமாறு ரெஸ்லா உரிமையாளர்களுக்குக் கூறுகின்றது. முறைதவறிக் கழுவியதால் ஏற்படும் சேதத்துக்கு உத்தரவாதம் பொருந்தாது என்றும் எச்சரிக்கின்றது.

நீதிமன்றம் கூறியது

இவ்விடயம் ஜேர்மனியில் குடியியல் வழக்குகளுக்கு இறுதித் தீர்ப்பு வழங்கும் சமஷ்டி நீதிமன்றம் வரை சென்றிருக்கின்றது. 2018ஆம் ஆண்டு யூலை மாதம் தீர்க்கப்பட்ட வழக்கில், சுரங்க நிலையமொன்றில் முன்னே சென்ற காரின் சாரதி பிரேக்கை அழுத்தியதால், அடுத்து வந்த கார் சேதமடைந்தது. நிலையம் நடத்துபவர் ஒவ்வொரு காரையும் இடைவிடாது கண்காணிக்கக் கடமைப்பட்டவர் அல்லர். ஆனால் பயன்படுத்துவோர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதைத் தகுந்த முறையில், நம்பத்தக்க வகையில் அறிவிக்கக் கடமைப்பட்டவர் என்று நீதிமன்றம் கூறியது.

2024ஆம் ஆண்டு நவம்பரில் வந்த மற்றொரு தீர்ப்பு, நின்ற நிலையில் கழுவும் இயந்திரம் ஒரு காரின் பின்புறக் காற்றுத் தடுப்பைப் பிய்த்தெறிந்தது பற்றியது. அவ்வுறுப்பு தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்ததாகையால், பொறுப்பில்லை என்ற அறிவிப்பு நிலையக்காரரைக் காப்பாற்றவில்லை. உரிமையாளருக்கு 3,200 யூரோவுக்கு மேல் நட்டஈடு கிடைத்தது.

இவ்விரு தீர்ப்புகளும் எமக்கு உணர்த்துவது ஒன்றே. உரிமை உண்டு; ஆனால் அறிவிப்பைப் பின்பற்றியவருக்கே அது பயன்படும். சேதம் நேர்ந்தால், அவ்விடத்தை விட்டு வெளியேறுமுன் நிலையப் பொறுப்பாளரிடம் முறையிட்டு எழுத்தில் பதிய வேண்டும். காரையும் அறிவிப்புப் பலகையையும் படம்பிடித்து, கட்டணச் சீட்டைப் பாதுகாக்க வேண்டும். மொழி வராது என்று வெட்கப்பட்டு வீட்டுக்கு வந்துவிட்டு, மறுநாள் பிள்ளையை அழைத்துச் சென்று கேட்பதால் பயனில்லை.

செய்ய வேண்டியவை

முதலில், வீட்டின் அருகே சமதரையில், எவரும் இல்லாத இடத்தில் ஒருமுறை ஒத்திகை பார்த்துக்கொள்ளுங்கள். கார் அணையாமல், ‘என்’ என்ற விடுநிலையில் நிற்கின்றதா, எதனைச் செய்தால் ‘பி’க்குத் தாவுகின்றது என்பதை அறிந்துகொள்ளுங்கள். விடுநிலையை ஜேர்மன் மொழியில் ‘லேர்லாவ்ஃப்’ என்பர். பிரெஞ்சில் ‘புவான் மோர்’. நோர்வேஜிய மொழியில் ‘ஃப்ரி’. நிலையத்து ஊழியரிடம், இது மின்சாரக் கார் என்று முன்கூட்டியே சொல்லுவது நன்று.

சுரங்கத்தினுள் சாரதி ஆசனத்தை விட்டு எழக்கூடாது, பட்டியைக் கழற்றக்கூடாது, பிரேக்கை மிதிக்கவோ சுக்கானைத் திருப்பவோ கூடாது. முன்னுள்ள கார் நின்றுவிட்டால் மட்டும் ஒலிப்பானை அழுத்தி ஊழியரை அழைக்கலாம். சிறு பிள்ளைகள் உடன் இருந்தால், இருளும் இரைச்சலும் சில நிமிடங்களே என்று முன்னரே சொல்லி வையுங்கள். பின்னிருந்து எழும் ஓர் அலறல் சாரதியின் காலைத் தானாகவே பிரேக்குக்கு இழுத்துவிடும். நின்ற நிலையில் கழுவும் இடமாயின், திறப்பையோ, திறப்பாகப் பயன்படும் தொலைபேசியையோ எடுத்துக்கொண்டு சற்றுத் தள்ளி நில்லுங்கள்.

வெளியே வந்த பின், வீதி வெறுமையாக உள்ள இடத்தில் சில தடவைகள் மெதுவாகப் பிரேக்கை அழுத்துங்கள். மின்சாரக் கார் பெரும்பாலும் தன் மோட்டாரைக் கொண்டே வேகத்தைக் குறைப்பதால், பிரேக் தட்டுகள் குறைவாகவே பயன்படுகின்றன. ஈரமும் உப்பும் அவற்றில் துருவாகத் தங்கிவிடும். உறைகுளிர்க் காலமாயின் கதவுக் கைபிடிகளையும் மின்னேற்றும் துவாரத்தின் மூடியையும் துணியால் ஒற்றியெடுங்கள். இல்லையேல் விடியற்காலையில் வேலைக்குப் புறப்படும்போது அவை பனிக்கட்டியால் ஒட்டியிருக்கும்.

புதிய நாட்டில் எமக்கு நேரும் இழப்புகளிற் பல, அறியாமையால் வருவன அல்ல. கேட்கத் தயங்குவதால் வருவன. அறிவிப்புப் பலகை பெற்றோல் காருக்காக எழுதப்பட்டது; கைந்நூலோ எமக்குப் பழக்கமில்லாத மொழியில் எழுதப்பட்டது. இவ்விரண்டுக்கும் நடுவே நின்று தன் உழைப்பின் வாகனத்தைக் காப்பாற்ற வேண்டியவர் சாரதி ஒருவரே. வாசலில் ஒரு நிமிடம் நின்று கேட்பது எவருக்கும் தாழ்வன்று. கேட்டுத் தெளிந்தபின் நீரினூடாகச் செல்லுங்கள்.