ஓடுகிறவர் கையில் ஒரு கடிகாரம்!
வாங்கலாமா? எப்படிப் பார்த்து வாங்குவது?

தூரம் 1,500 மீட்டர். நேரம் 7 நிமிடம்.

தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்கு விண்ணப்பிக்கும் ஆண்கள், உடல் தகுதித் தேர்வில் தாண்ட வேண்டிய கண்டம் இது. பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். சில விநாடிகள் பிந்தினால் போதும். பல மாத உழைப்பு வீணாகிவிடும்!

இந்த விநாடிகளை வெல்வதற்காகத்தான் ஊருக்கு ஊர் இளைஞர்கள் விடியும் முன்பே எழுந்து ஓடுகிறார்கள். பரமக்குடியும் அதற்கு விலக்கு அல்ல. தறிச்சத்தம் தொடங்கும் முன்பே ஒரு ஓட்டம் ஓடி முடித்துவிட வேண்டும். பொழுது ஏறிவிட்டால், வைகைக் கரை வெயிலில் ஓட முடியுமா?

"அப்பா! எனக்கு ஒரு ஜி.பி.எஸ். கடிகாரம் வேணும். அதைக் கட்டிக்கிட்டு ஓடினால் எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் எல்லாம் தெரியுமாம்!"

பிள்ளை இப்படிக் கேட்கிறான். விலையோ ஆயிரக்கணக்கில் இருக்கிறது. நெசவு செய்து பிழைக்கும் அப்பா என்ன சொல்வார்? வாங்கிக் கொடுப்பதா, வேண்டாமா?

முதலில் அந்தக் கடிகாரம் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

மின்னலும் இடியும்

வானத்தில் மின்னல் வெட்டுகிறது. கொஞ்ச நேரம் கழித்து இடி கேட்கிறது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 3 விநாடி ஆனால், மின்னல் வெட்டிய இடம் ஏறக்குறைய 1 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. 6 விநாடி ஆனால் 2 கிலோமீட்டர். நேரத்தை வைத்தே தூரத்தைச் சொல்லிவிடலாம்!

ஜி.பி.எஸ். செய்வதும் இதே வேலைதான்.

பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்காவின் செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மிக நுட்பமான அணுக் கடிகாரம் இருக்கிறது. "நான் இன்னார். இப்போது மணி இத்தனை" என்று ஒவ்வொரு செயற்கைக்கோளும் ஓயாமல் வானொலி அலையில் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

அந்த அலை விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. பூமிக்கு வந்துசேர ஒரு விநாடியில் 15-ல் ஒரு பங்கு நேரம்தான் ஆகும். அலை எவ்வளவு நேரம் பயணம் செய்தது என்று உங்கள் கைக்கடிகாரம் கணக்குப் போடுகிறது. அதை வைத்து, அந்தச் செயற்கைக்கோள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறது.

மூன்று செயற்கைக்கோள்களின் தூரம் தெரிந்தால் இடம் தெரியும். நான்காவது எதற்கு? கையில் இருப்பது சாதாரணக் கடிகாரம். அதன் நேரத்தில் இருக்கும் பிழையைத் திருத்துவதற்கு நான்காவது தேவை.

நேரத்தில் பிழை வந்தால் என்ன ஆகும்? ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால், தூரத்தில் 300 மீட்டர் பிசகிவிடும்!

இன்னொரு அதிசயமும் உண்டு. அந்த உயரத்தில் காலமே சற்று வேகமாக ஓடுகிறது! ஐன்ஸ்டீன் கண்டுபிடித்த தத்துவம் இது. இந்த வேறுபாட்டைக் கழித்துச் சரிசெய்யாவிட்டால், ஒரே நாளில் 10 கிலோமீட்டருக்கு மேல் கணக்கு தவறிப்போகும்.

269 உயிர்கள்

இந்த ஏற்பாடு ராணுவத்துக்காகப் பிறந்தது. முதல் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் 1978-ல் ஏவப்பட்டது. பொது மக்களுக்கு அது எப்படிக் கிடைத்தது? அதன் பின்னே ஒரு சோகக் கதை இருக்கிறது.

1983-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி. தென்கொரியப் பயணிகள் விமானம் ஒன்று அமெரிக்காவில் இருந்து சியோல் நகருக்குப் பறந்துகொண்டிருந்தது. வழி தவறி ரஷிய எல்லைக்குள் போய்விட்டது. ரஷியப் போர் விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியது. அதில் இருந்த 269 பேரும் மாண்டார்கள்.

உலகமே அதிர்ந்தது. "ஜி.பி.எஸ். தயாரானதும் பொது மக்களும் இலவசமாகப் பயன்படுத்தலாம்" என்று ரீகன் அரசாங்கம் அறிவித்தது.

ஆனாலும் பொது மக்களுக்குக் கிடைத்த அலையில் வேண்டும் என்றே பிழையைக் கலந்துவைத்தார்கள். இடம் 100 மீட்டர் வரை தவறும். 2000-ம் ஆண்டு மே மாதம் கிளிண்டன் அந்தப் பிழையை நீக்க உத்தரவிட்டார். அதன் பிறகே ஓடுகிறவர்களுக்குப் பயன்படும் கடிகாரம் நடைமுறைக்கு வந்தது. 2003-ல் கார்மின் கம்பெனி, 'போர்ரன்னர்' என்ற பெயரில் ஓட்டக்காரர்களுக்கு என்றே கருவிகளை விற்கத் தொடங்கியது.

நம் நாட்டு 'நாவிக்'

ராமேசுவரம், பாம்பன் கடலுக்குப் போகும் மீனவர்களுக்கு ஜி.பி.எஸ். புதிது அல்ல. நடுக்கடலில் கரை தெரியாது, எல்லைக்கோடும் தெரியாது. வலை விரித்த இடத்தையும், திரும்பும் வழியையும் காட்டுவது அந்தக் கருவிதான்.

இந்தியாவும் இதே வேலைக்குத் தனிச் செயற்கைக்கோள்களை ஏவி இருக்கிறது. முதலாவது, 2013 ஜூலை 1-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து சென்றது. 2016-ல் இந்த ஏற்பாட்டுக்கு 'நாவிக்' என்று பெயர் வைத்தார்கள். நாவிக் என்றால் படகோட்டி என்று பொருள். ராமேசுவரத்தில் படகுக்காரர் வீட்டில் பிறந்த அப்துல் கலாம் தலைமையில் உருவான ராக்கெட், 1980-ல் ரோகிணி செயற்கைக்கோளைச் சுமந்து சென்றது நினைவு இருக்கலாம். அந்த வழியில் வந்த வளர்ச்சி இது!

2023 மே 29-ந் தேதி சென்ற நாவிக் செயற்கைக்கோளில், கைக்கடிகாரம் போன்ற சிறு கருவிகளுக்கு ஏற்ற அலையும் சேர்க்கப்பட்டது. ஆனால் 2025 ஜனவரியில் சென்ற அடுத்த செயற்கைக்கோளைக் குறித்த பாதைக்கு உயர்த்த முடியாமல் போயிற்று.

ரஷியாவுக்குக் குளோனாஸ், ஐரோப்பாவுக்குக் கலிலியோ, சீனாவுக்குப் பெய்டூ என்று தனித்தனி ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒரு நாட்டுச் செயற்கைக்கோளை மட்டும் நம்பாமல், பல நாட்டு அலைகளையும் பிடிக்கும் கடிகாரமே நல்ல கடிகாரம்.

கடையில் கேட்க வேண்டிய கேள்விகள்

"அண்ணே, இதுல ஜி.பி.எஸ். இருக்கா?"

"இருக்கு தம்பி!"

இதோடு விட்டுவிடாதீர்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

சில கடிகாரங்களுக்குள்ளேயே ஜி.பி.எஸ். இருக்கும். சிலவற்றில் இருக்காது, உங்கள் சட்டைப் பையில் உள்ள செல்போனின் ஜி.பி.எஸ்.சை அவை கடன் வாங்கும். இரண்டு பெட்டியிலும் 'ஜி.பி.எஸ்.' என்றே அச்சிட்டு இருக்கலாம். "செல்போன் இல்லாமல் ஓடினால் தூரம் காட்டுமா?" என்று கேளுங்கள். "காட்டாது" என்றால், அது நீங்கள் தேடும் கடிகாரம் அல்ல. செல்போனையும் தூக்கிக்கொண்டு ஓடுவது என்றால் செல்போனே போதுமே!

இரண்டாவது கேள்வி: "ஜி.பி.எஸ். போட்டு ஓடினால் பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும்?" பெட்டியில் '14 நாள்' என்று இருக்கும். அது சும்மா கட்டியிருந்தால் உள்ள கணக்கு. ஜி.பி.எஸ். வேலை செய்யும்போது நாள் கணக்கு மணிக் கணக்காகச் சுருங்கிவிடும்.

மூன்றாவது: "வெயிலில் எழுத்து தெரியுமா?" கடைக்குள் பளபளப்பாகத் தெரியும் முகப்பு, பரமக்குடி வெயிலில் மங்கிப்போகலாம். வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

நான்காவது: "பொத்தான் இருக்கிறதா?" விரலால் தொட்டு இயக்கும் முகப்பு, வியர்வைக் கை பட்டால் முரண்டு பிடிக்கும். பொத்தான் அப்படி அல்ல.

ஐந்தாவது: "பழுதானால் யாரிடம் கொடுப்பது? வார் அறுந்தால் மாற்று வார் கிடைக்குமா?"

விலை சில ஆயிரத்தில் தொடங்குகிறது. லட்சத்தைத் தொடும் கடிகாரமும் உண்டு. மலை ஏறுகிறவர், கடலில் நீந்துகிறவர் ஆகியோருக்கான வசதிகள் அதில் இருக்கும். ஊரில் ஓடுகிறவருக்கு அவை எதற்கு?

எப்படிக் கட்டுவது?

வாங்கியாயிற்று. உடனே ஓடிவிடாதீர்கள்! முதலில் திறந்த வெளியில் அசையாமல் நில்லுங்கள். கடிகாரம் செயற்கைக்கோள்களைப் பிடித்ததும் அடையாளம் காட்டும். அதன் பிறகு பொத்தானை அழுத்தி ஓடுங்கள். அவசரப்பட்டால் முதல் சில நூறு மீட்டர் கணக்கு தவறிவிடும்.

அடர்ந்த மரங்களும் உயர்ந்த கட்டடங்களும் அலையை மறிக்கும், எதிரொலிக்கச் செய்யும். சந்துபொந்துகளைவிட வெட்டவெளியில் கணக்கு சரியாக வரும்.

மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரற்கடை மேலே, ஆடாமல் கட்டுங்கள். கடிகாரத்தின் அடியில் பச்சை விளக்கு எரியும். அந்த ஒளியைக் கொண்டு அது நாடித்துடிப்பை எண்ணுகிறது. தளர்வாகக் கட்டினால் எண்ணிக்கை தப்பும். அது டாக்டரின் கருவி அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ, கடிகாரம் என்ன காட்டினாலும் நின்றுவிடுங்கள். டாக்டரைப் பாருங்கள்.

ஓடி முடித்ததும் வியர்வையை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். ஈரம் காய்ந்த பிறகே சார்ஜ் போடுங்கள்.

மதுரை - ராமேசுவரம் சாலையில் ஓடுகிறவர்கள், ஓடும்போது கடிகாரத்தைப் பார்க்கவே கூடாது. பஸ்சும் லாரியும் விரையும் சாலை அது. எதிரே வரும் வண்டி தெரியும்படி சாலையின் வலது ஓரத்தில் ஓடுங்கள்.

வைகை மணலில் ஓடினால் வேகம் குறைவாகக் காட்டும். கவலை வேண்டாம். மணலில் கால் புதையும். கால் உழைப்பது அதே உழைப்புதான்!

7 நிமிடக் கணக்கு

இப்போது முதலில் சொன்ன 1,500 மீட்டருக்கு வருவோம்.

ஓட்டக்காரர்கள் வேகத்தை "ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம்" என்று கணக்கிடுவார்கள். 7 நிமிடத்தில் 1,500 மீட்டர் ஓட, கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 விநாடி வேகம் வேண்டும். 400 மீட்டர் சுற்று என்றால், ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி.

இந்த ஓட்டத்துக்கு ஜி.பி.எஸ். கடிகாரத்தை நம்பலாமா? நம்பக் கூடாது!

காரணம் என்ன? கடிகாரம் ஓடும் பாதையில் புள்ளி புள்ளியாகக் குறித்து, அவற்றைக் கோட்டால் இணைக்கிறது. மைதானத்தின் வளைவுகளில் அந்தப் புள்ளிகள் விலகும். தூரம் கொஞ்சம் கூடும், அல்லது குறையும்.

நூற்றுக்கு 2 பங்கு கூட்டிக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கடிகாரம் 1,500 மீட்டர் என்று சொல்லும்போது நீங்கள் ஓடியிருப்பது 1,470 மீட்டர்தான். மீதி 30 மீட்டருக்கு இன்னும் 8 விநாடி வேண்டும். "6 நிமிடம் 55 விநாடியில் முடித்துவிட்டேன்" என்று வீட்டில் மகிழ்ந்த பிள்ளை, தேர்வு மைதானத்தில் தோற்றுவிடுவான்!

வழி என்ன? 400 மீட்டர் மைதானத்தின் உள் ஓரப் பாதையில் 3 சுற்றும் 300 மீட்டரும் ஓடினால் சரியாக 1,500 மீட்டர். மைதானம் இல்லாவிட்டால், வண்டி வராத நேரான பாதையில் அளவு நாடாவால் 100 மீட்டர் அளந்து குறியிடுங்கள். நேரம் பார்க்க செல்போனில் உள்ள நிறுத்துக் கடிகாரம் போதும். செலவு இல்லை.

நெடுந்தூரம் ஓடுகிறவர் கதை வேறு. மாரத்தான் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர். அதற்குப் பழகுகிறவர் நாளுக்கு ஒரு பாதையில் ஓடுவார். அத்தனை பாதைகளையும் நாடாவால் அளக்க முடியுமா? அவருக்கு இந்தக் கடிகாரம் நல்ல துணை. தொடக்கத்திலேயே வேகமாக ஓடிக் களைத்துப்போகாமல் அது காக்கும்.

நடக்கிறவர்களுக்கு? தமிழக அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற திட்டத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை வகுத்தது. அப்படி நடக்கிறவர்களுக்குச் செல்போனே தாராளம்.

ரகசியம் வெளியாகும்!

கடிகாரம் நீங்கள் ஓடிய பாதையைப் படமாக வரைந்து வைக்கும். அதைப் பிறர் பார்க்கும்படி வெளியிடும் வசதியும் உண்டு. அங்கே ஓர் ஆபத்து இருக்கிறது.

2017 நவம்பரில் 'ஸ்டிராவா' என்ற கம்பெனி, உலகெங்கும் மக்கள் ஓடிய பாதைகளை ஒரே வரைபடத்தில் ஒளிக்கோடுகளாக வெளியிட்டது. 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் அதை உற்றுப் பார்த்தார். சிரியா, ஆப்கானிஸ்தான் பாலைவனங்களில் ஆள் இல்லாத இடத்தில் ஒளிக்கோடுகள்! ராணுவ முகாம்களில் வீரர்கள் ஓடிய தடங்கள் அவை. அந்த ஆண்டு ஆகஸ்டில், போர் முனைகளில் இருக்கும் வீரர்கள் இடம் காட்டும் வசதியைப் பயன்படுத்த அமெரிக்க ராணுவம் தடை விதித்தது.

ராணுவத்துக்கே இந்தக் கதி என்றால், நமக்கு? ஒரு பெண் தினமும் எந்த வீட்டில் இருந்து, எத்தனை மணிக்கு, எந்த வழியே தனியாக ஓடுகிறாள் என்பது ஊருக்கெல்லாம் தெரியலாமா? வீட்டுக்கு அருகே உள்ள பாதையை மறைக்க வசதி இருக்கிறது. படத்தை வீட்டார் மட்டும் பார்க்கும்படி அமைத்துவிடுங்கள்.

அப்பா என்ன சொல்லலாம்?

"தம்பி! உன் 7 நிமிடத்துக்கு இந்தக் கடிகாரம் தேவை இல்லை. அளந்த பாதை வேணும். நல்ல காலணி வேணும். அந்தப் பணத்தில் முதலில் காலணி வாங்குவோம். வேலை கிடைக்கட்டும். அப்புறம் நெடுந்தூரம் ஓட ஆசை வந்தால், உன் சம்பளத்தில் நீயே வாங்கிக்கொள்!"

இப்படிச் சொன்ன கையோடு, அடுத்த நாள் விடியற்காலையில் அளவு நாடாவின் ஒரு முனையை அப்பாவே பிடித்துக்கொள்ளலாம். 100 மீட்டர் அளக்க இரண்டு பேர் வேண்டும் அல்லவா?