லாட்ஜ் டாக்டரா... நிஜ டாக்டரா?

பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருக்கும் அந்த நோட்டீஸை நீங்கள் படித்ததே இல்லை... அப்படித்தானே பாஸ்? 'இளமையில் செய்த தவறுகளால் நரம்புத் தளர்ச்சியா?' என்று ஆரம்பித்து, ஊர் ஊராக லாட்ஜ் பேர், ரூம் நம்பர், தேதி எல்லாம் போட்டிருக்குமே, அதேதான். பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நின்று, ஓரக்கண்ணால் முழுசாகப் படித்து முடித்தவர்கள் எந்த ஹாஸ்டலிலும் ஒரு ஃப்ளோருக்கு நாலு பேராவது தேறுவாங்க!

இதில் காமெடி என்னவென்றால், அந்த விளம்பரமே சட்டப்படி தப்பு. 'இன்ப சக்தியைக் கூட்டும் மருந்து' என்றெல்லாம் விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954-லேயே சட்டம் போட்டாச்சு. சுவருக்குத்தான் இன்னும் சேதி போய்ச் சேரலை.

அந்த ரூமில் முதலில் விற்பது லேகியம் இல்லை, பயம். சுய இன்பம் பண்ணினால் கல்யாண வாழ்க்கை காலி, தூக்கத்தில் விந்து வெளியேறினால் உடம்பு உருகிடும், ஒரு சொட்டு போனால் இத்தனை சொட்டு ரத்தம் போச்சு... எதுவுமே உண்மை இல்லை. விந்து உடம்பில் தொடர்ந்து உற்பத்தி ஆகிக்கொண்டே இருக்கிற சமாசாரம். ஆனால், 'போகுதே போகுதே' என்ற பயத்திலேயே சோர்வு, படபடப்பு, படிப்பில் கவனமில்லை என்று நிஜமாகவே சுருண்டு போகிறவர்கள் உண்டு. மனநல மருத்துவர் என்.என்.விக் 1960-ல் இதற்கு 'தாத் சிண்ட்ரோம்' என்று பேரே வைத்தார். இந்தப் பயத்துக்குச் சிகிச்சை இருக்கு. அது லேகியம் இல்லை.

சரி, அசல் செக்ஸ் தெரபின்னா என்ன? பேரைக் கேட்டதும் மண்டைக்குள் ஓட ஆரம்பிச்ச படத்தை உடனே நிறுத்துங்க! அங்கே யாரும் எதையும் செய்து காட்டச் சொல்ல மாட்டார்கள். தெரபிஸ்ட் வேலை முழுக்க பேச்சு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் வில்லியம் மாஸ்டர்ஸ், வர்ஜீனியா ஜான்சன் என்ற இருவர் பல வருஷம் ஆராய்ச்சி பண்ணி, 1970-ல் புத்தகமாகப் போட்ட பிறகுதான் இந்தச் சிகிச்சைக்கு ஒரு தெளிவான வடிவம் வந்தது.

முதல் நாள் கேள்விகள்தான். சுகர் இருக்கா, பிரஷர் மாத்திரையோ மன அழுத்த மாத்திரையோ சாப்பிடுறீங்களா, தம், தண்ணி எவ்வளவு, தூக்கம் எப்படி? 'காலையில் எழும்போது விறைப்பு இருக்கா?' என்றும் கேட்பார்கள். கூச்சப்படாதீங்க. இருக்குன்னா ரத்த ஓட்டமும் நரம்பும் பெரும்பாலும் ஓகே, மனசைப் பார்க்கணும்னு அர்த்தம். இல்லைன்னா ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள். ஏன்னா, விறைப்புப் பிரச்னை சிலருக்கு சர்க்கரை நோய்க்கும் இதய ரத்தக் குழாய் அடைப்புக்கும் முதல் எச்சரிக்கை மணி. இதைக் கவனிக்காமல் மெடிக்கல் ஷாப்பில் நீல மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது விபரீதம். இதய நோய்க்குக் கொடுக்கும் நைட்ரேட் மருந்தோடு அது சேர்ந்தால் பிரஷர் அபாயகரமாக இறங்கிடும்.

உடம்பைப் பரிசோதிக்க வேண்டியிருந்தால் அதை டாக்டர் செய்வார், உங்கள் சம்மதத்தோடு. பெண் என்றால் கூட ஒரு பெண் இருக்கணும்னு கேட்கலாம்.

மனசு எப்படி உடம்பைக் கவிழ்க்கும்? மைக்கை ஸ்பீக்கர் பக்கத்தில் கொண்டுபோனா 'கீய்ய்'னு கத்துமே... கல்ச்சுரல்ஸ்ல காது கிழிஞ்ச அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். அதே கதைதான். ஒருமுறை சொதப்பினால் 'மறுபடி சொதப்பிடுமோ'னு பயம். அந்தப் பயத்தில் தன்னையே வேவு பார்த்துக்கொண்டிருந்தால் மறுபடி சொதப்பல், பயம் டபுள். தெரபி இந்த வட்டத்தை அறுக்கிறது. எப்படி தெரியுமா? தம்பதிக்குக் கொடுக்கிற முதல் வீட்டுப்பாடமே 'உடலுறவு கூடாது' என்பதுதான்! வீட்டில், தனிமையில், கை, முதுகு என்று வெறுமனே தொட்டு, அது எப்படி இருக்குன்னு கவனித்தால் போதும். டெஸ்ட்டே இல்லைன்னா அரியர் ஏது? வாராவாரம் ஒவ்வொரு படியாகப் போவார்கள். சில மாசம் பிடிக்கலாம். முதல் நாளே '100 சதவிகிதம் கேரண்டி' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துடுங்க.

கேர்ள்ஸ், பக்கத்தைப் புரட்டிடாதீங்க. உறவின்போது பெண்ணுறுப்பைச் சுற்றியுள்ள தசை தானாகவே இறுகிக்கொள்வதை 'வெஜைனிஸ்மஸ்' என்பார்கள். பிடிவாதமோ நடிப்போ இல்லை, அவள் கட்டுப்பாட்டிலேயே இல்லாத விஷயம். ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்குது? 'இன்னும் விசேஷம் இல்லையா?' என்று கேட்டுக்கேட்டு, ஜோசியம், பரிகாரம் எல்லாம் முடித்து, கடைசியில் பழி அவள் தலையில். இதற்குப் பயிற்சியும் பிசியோதெரபியும் இருக்கு, நல்ல பலனும் கிடைக்குது. 'வலியைப் பொறுத்துக்கோ' என்று உங்கள் அக்காவிடம் யாராவது சொன்னால் விட்டுடாதீங்க.

இன்னொண்ணு. ஓரினச் சேர்க்கையாளரை 'மாத்திக் காட்டுறேன்' என்று எவர் சொன்னாலும் அது சிகிச்சையே இல்லை. அந்த முயற்சிகளுக்கு 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது.

யாரிடம் போறது? போர்டில் 'செக்ஸ் ஸ்பெஷலிஸ்ட்' என்று எழுதியிருப்பதை விடுங்க, அடிப்படைப் படிப்பைப் பாருங்க. மனநல மருத்துவர், சிறுநீரகவியல் மருத்துவர், மகப்பேறு மருத்துவர் என்றால் மெடிக்கல் கவுன்சில் பதிவு எண் இருக்கும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண் கேளுங்க, தப்பே இல்லை. வீட்டுக்குத் தெரிஞ்சிடுமா? மனநலச் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கணும்னு 2017-ல் வந்த மனநலச் சட்டம் சொல்லுது. உயிருக்கு ஆபத்து மாதிரி சில சூழ்நிலைகள்தான் விதிவிலக்கு.

ரொம்பப் பயமா இருக்கா, யாரிடமாவது உடனே பேசணுமா? 14416, அரசின் டெலி மானஸ் எண். இலவசம், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். நேரில் போகணும்னா அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கு. ஓ.பி. சீட்டு எழுதுற இடத்தில் 'மனநலப் பிரிவு' என்று மட்டும் சொல்லுங்க. க்யூவில் பின்னால் நிற்கிறவர் காதில் விழ, மீதிக் கதையை அங்கேயே சொல்லணும்னு அவசியமே இல்லை.