ஒரே வளையில் 43 ஆண்டுகள்

மேற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமை விளையும் வட்டாரத்தில், டாமின் என்னும் ஊருக்கருகே வடக்கு பங்கல்லா என்ற சிறு காப்புக்காடு உள்ளது. 'கேயஸ் வில்லோசஸ்' என்னும் கதவுச் சிலந்தி அங்கே வாழ்கிறது. அது மண்ணில் வளை தோண்டி, உட்சுவரைப் பட்டிழையால் போர்த்தி, வாயிலுக்கு மூடியும் அமைக்கிறது. வாயிலைச் சுற்றிச் சுள்ளிகளை விசிறிபோல் பரப்பும்; இரை அவற்றை மிதித்தால் அதிர்வுணர்ந்து பாயும்.

ஆண் சிலந்தி பருவமெய்தியதும் துணை தேடி வெளியேறும்; பெண்ணோ ஆயுள் முழுதும் ஒரே வளையில் தங்கும்.

1974-இல் பார்பரா யார்க் மெயின் என்னும் அறிஞர் வளைகளுக்கு எண்ணிட்டு ஆராயத் தொடங்கினார். 16-ஆம் எண் சிலந்தி 2016-இல் மறைந்தபோது அதன் வயது 43. குளவியே அதனைக் கொன்றிருக்கும் எனக் கருதுவர்.

இடம்பெயராத இவ்வுயிருக்கு உழப்படாத நிலமே அடைக்கலம். வரப்போரத்தையும் விடாது உழுகின்ற அன்பர்கள் இதனைச் சற்றே சிந்திப்பார்களாக.