வாசற்படியிலிருந்து பிரசவ அறை வரை

பிரசவம் முடிந்தபின் கட்டுக்கடங்காமல் ரத்தம் போனால், சிகிச்சை கிடைக்காத தாய்க்கு மிஞ்சுவது சராசரியாக இரண்டு மணி நேரம்தான். ஒரு தமிழ்ப்படம் ஓடி முடியும் நேரத்தைவிடக் குறைவு. குழந்தை வெளியே வர முடியாமல் சிக்கிக்கொண்டால் சுமார் மூன்று நாள். கிருமித்தொற்று என்றால் ஆறு நாள். மருந்து எவ்வளவு முக்கியமோ, அது எப்போது கைக்கு வருகிறது என்பதும் அவ்வளவு முக்கியம்.

அந்த நேரம் எங்கே தொலைகிறது? செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் இதை எளிமையாக வகுத்துக் காட்டினார்கள்: மூன்று தாமதங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வீட்டில் முடிவெடுப்பதில் ஒன்று. போய்ச் சேர்வதில் இன்னொன்று. சேர்ந்தபின் சிகிச்சை தொடங்குவதில் மூன்றாவது.

வேடிக்கை என்னவென்றால், கடைசித் தாமதம் முதல் தாமதத்தைப் பெற்றெடுக்கும். ராத்திரி பத்து மணிக்கு வலி கண்டால் மாமியார் கேட்கும் முதல் கேள்வி, "இந்நேரத்துக்கு அங்க நர்சம்மா இருப்பாங்களா?" போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தால், "விடியட்டும், பாத்துக்கலாம்" என்றுதான் பதில் வரும். வெளியாருக்கு அறியாமையாகத் தெரிவது, பல நேரம் அனுபவம் சொல்லித்தந்த கணக்கு.

தமிழ்நாடு இந்த முடிச்சை மறுமுனையிலிருந்து அவிழ்த்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூன்று செவிலியர், ஆளுக்கு எட்டு மணி நேரம். 24 மணி நேரமும் ஆள் உண்டு என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால், வீட்டில் நடக்கும் விவாதமே சுருங்கிவிடும்.

அடுத்த தடை பயம். அதற்கு மருந்து வளையல்! சுகாதார நிலையத்திலேயே வளைகாப்பு நடத்தும் வழக்கம் வந்தது. சந்தனமும் கலவை சாதமுமாக ஒரு மதியம் கழியும்போது, கர்ப்பிணி பிரசவ அறையைப் பார்த்துவிடுகிறாள். செவிலியரின் முகமும் பழகிவிடுகிறது. பிரசவ நேரத்தில் உடனிருக்க உறவுக்காரப் பெண் ஒருவரையும் அனுமதிக்கிறார்கள்.

பணத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒருநாள் பரிசோதனைக்குப் போனால் கூலிப் பெண்ணுக்கு அன்றைய கூலி போய்விடும். அதை ஈடுகட்டத் தமிழ்நாடு அரசு தரும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 2018இல் ரூ.18,000 ஆக உயர்ந்தது. ஊட்டச்சத்துப் பெட்டகமும் இதில் அடக்கம். ரொக்கம் மொத்தமாக வராது. பதிவு, பரிசோதனை, பிரசவம், தடுப்பூசி என்று படிப்படியாக வரும். ஒவ்வொரு தவணையும் அடுத்த படிக்கான அழைப்பு.

எண்களைப் பாருங்கள். 2005-06இல் இந்தியாவில் நூற்றுக்கு 39 பிரசவங்களே மருத்துவமனைகளில் நடந்தன. 2019-21இல் அது 89. தமிழ்நாட்டில் 99க்கும் மேல். ஆனால் கர்ப்ப காலத்தில் நான்கு முறையாவது பரிசோதனைக்குப் போனவர்கள் நாட்டளவில் நூற்றுக்கு 58 பேர்தான். வலி வந்தால் ஓடும் கால்கள், வலியில்லாத மாதங்களில் தயங்குகின்றன. முதல் பிரசவம் சுகமாக முடிந்திருந்தால், அடுத்த முறை அலட்சியம் கூடுவதும் உண்டு.

வழியில் தொலையும் நேரத்தை ஈடுகட்ட 108 வண்டி மட்டுமா? 'அதிர்ச்சித் தடுப்பு உடை' என்று ஒன்று இருக்கிறது. ரத்தம் போகும் தாய்க்குக் கணுக்காலில் தொடங்கி வயிறு வரை பட்டை பட்டையாகச் சுற்றி, ஒட்டுப்பட்டையால் இறுக்குவார்கள். அந்த அழுத்தத்தில் கால்களிலும் அடிவயிற்றிலும் ரத்த ஓட்டம் குறைந்து, இதயத்துக்கும் மூளைக்கும் கூடுதலாகக் கிடைக்கும். மின்சாரம் வேண்டாம், துவைத்து மறுபடி பயன்படுத்தலாம். பெரிய மருத்துவமனை சேரும்வரை தாக்குப்பிடிக்க இது உதவுகிறது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு தாய் இறந்தால், இறப்புத் தணிக்கை நடக்கும். வலி எப்போது கண்டது, யார் பொறுக்கச் சொன்னார்கள், வண்டி எத்தனை மணிக்கு வந்தது, ரத்தம் எப்போது ஏற்றினார்கள் என்று நேரத்தைப் பின்னோக்கி எண்ணுவார்கள். கோளாறு முதல் தாமதத்தில் என்றால் கிராமத்தில் வேலை இருக்கிறது. இரண்டாவதில் என்றால் சாலையிலும் வண்டியிலும். மூன்றாவதில் என்றால் ரத்த வங்கியிலும் அறுவை அரங்கிலும்.