ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள்

சென்ற கூட்டத்தில் நான் காட்டிய கரீனா நெபுலா படத்தைப் பார்த்த ஒரு நண்பர், “இது தொலைநோக்கி எடுத்ததா, கணினி வரைந்ததா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. இன்று அதற்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் இருப்பது மெல்பர்னின் மேற்கே ட்ருகனினாவில். புது வீடுகள், தெருவெங்கும் விளக்குகள். வீட்டின் பின்புறம் நின்று பார்த்தால் அந்த நெபுலா என் கண்ணுக்கு அகப்படாது. ஆனால் இரண்டரைக் கிலோ எடையுள்ள ஸீஸ்டார் எஸ்50 கருவிக்கு அகப்படுகிறது. அதன் லென்ஸ் 50 மில்லிமீட்டர்தான். கைப்பேசியில் பெயரைத் தொட்டால், கருவி முதலில் வானத்தை ஒரு படமெடுக்கும். அதிலுள்ள விண்மீன்களின் அமைப்பை வைத்துத் திசையறிந்து, நெபுலாவை நோக்கித் தானே திரும்பும்.

பிறகு பத்துப் பத்து நொடிகளாகப் படமெடுக்கும். ஒற்றைப் படத்தில் பெரும்பாலும் புள்ளி புள்ளியாக இரைச்சல்தான். நர்ஸிங் படித்தபோது எங்களுக்கு ஒன்று சொல்லித் தந்தார்கள்: நாடி சீராக இல்லையென்றால் 15 நொடி எண்ணி நான்கால் பெருக்காதே, முழு நிமிடம் எண்ணு. இதுவும் அப்படித்தான். விண்மீன்களைப் பொருத்திப் படங்களை அடுக்கும்போது நெபுலாவின் ஒளி ஒரே இடத்தில் சேரும், இரைச்சல் சிதறிப்போகும். 100 படங்களைக் கூட்டினால் ஒளி 100 மடங்கு ஆகும், இரைச்சல் 10 மடங்குதான் கூடும். ஒரு மணி நேரத்துக்கு 360 படங்கள். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் உமிழும் நிறங்களை மட்டும் விடுகிற வடிகட்டி, தெருவிளக்கின் வெளிச்சத்தைப் பெருமளவு தடுக்கும்.

நண்பரின் சந்தேகம் மெல்பர்னுக்குப் புதிதல்ல. 1869இல் இங்கே 48 அங்குல ஆடியுடன் பெரிய தொலைநோக்கி நிறுவப்பட்டது. அன்று நெபுலாக்களைக் கையால்தான் வரைந்தார்கள். கரீனாவை அதில் பார்த்த ஆல்பர்ட் லெ சூர், 1830களில் ஜான் ஹெர்ஷல் வரைந்த படத்திலிருந்து அது மாறிவிட்டது என்றார். மாறியது நெபுலாவா, வரைந்த கையா? ஓவியங்களை வைத்து அந்த வழக்கைத் தீர்க்க முடியவில்லை.

ஆகவே என் பதில்: இந்தப் படத்தில் கணினி கூட்டியது, வரையவில்லை. ஆனால் இரைச்சலை நீக்கும் செயற்கை நுண்ணறிவுப் பொத்தானை அழுத்தினால் அது ஊகிக்கத் தொடங்கும். அதனால் மூலப் படங்களை அழிக்காதீர்கள். வார்டில் நாங்கள் சார்ட்டில் கண்டதைத்தான் எழுதுவோம், நினைத்ததை அல்ல.

கரீனா இங்கே மறைவதே இல்லை. நாகர்கோவிலில் ஏப்ரல் இரவுகளில் தெற்கே தாழ்வாக வரும். டொராண்டோவிலும் லண்டனிலும் உதிக்காது. அங்கிருப்பவர்கள் குளிர்காலத்தில் ஓரியன் நெபுலாவில் தொடங்குங்கள். முழு நிமிடமும் எண்ணுங்கள்.