10 ஆயிரம் டாலர் பாட்டுக்காரர் 250 டாலருக்கு வாசித்தார்!

அவர் உட்கார்ந்து பியானோ வாசிக்க மாட்டார். ஸ்டூலைக் காலால் உதைத்துத் தள்ளுவார். நின்றபடியே வாசிப்பார். முழங்கையால் கட்டைகளை இடிப்பார். குதிகாலால் மிதிப்பார். சில சமயம் பியானோ மீதே ஏறி நிற்பார்!

அவர்தான் ஜெர்ரி லீ லூயிஸ். அமெரிக்காவில் "ராக் அண்ட் ரோல்" பாட்டைப் பரப்பிய முதல் வரிசைக்காரர்களில் ஒருவர்.

22 வயதில் புகழின் உச்சியில் இருந்தார். ஒரே வாரத்தில் கீழே விழுந்தார். மீண்டும் எழுந்திருக்க 10 ஆண்டுகள் பிடித்தன!

நிலம் அடமானம்

லூசியானா மாநிலத்தில் பெரிடே என்ற சிறிய ஊர். அங்கே 1935-ம் ஆண்டு செப்டம்பர் 29-ந் தேதி ஜெர்ரி பிறந்தார். ஏழைக் குடும்பம். பையனின் ஆசையைப் பார்த்த தகப்பனார் நிலத்தை அடமானம் வைத்துப் பியானோ வாங்கிக் கொடுத்தார்.

ஊரில் கறுப்பின மக்கள் கூடும் கேளிக்கை விடுதி ஒன்று இருந்தது. வெள்ளைக்காரச் சிறுவனுக்கு அங்கே இடம் இல்லை. ஜெர்ரி பதுங்கிப் பதுங்கிப் போய்ப் பாட்டுக் கேட்டார். அந்தத் தாளம் அவருடைய விரல்களில் ஏறிவிட்டது.

தாயார் அவரை டெக்ஸாஸில் உள்ள வேதப் பள்ளிக்கு அனுப்பினார். அங்கே கடவுள் பாட்டையே ஆட்டத் தாளத்தில் வாசித்தார். அவ்வளவுதான், பள்ளியை விட்டு விரட்டிவிட்டார்கள்!

முட்டை விற்ற காசு

1956-ம் ஆண்டு. தகப்பனார் கோழி முட்டைகளை விற்றார். அந்தக் காசில் இருவரும் மெம்பிஸ் நகருக்குப் போனார்கள். எல்விஸ் பிரஸ்லியை உலகுக்குக் காட்டிய "சன்" இசைத்தட்டுக் கம்பெனி அங்கேதான் இருந்தது.

ஜெர்ரிக்கு அங்கே இடம் கிடைத்தது. 1957-ல் டெலிவிஷனில் தோன்றினார். ஸ்டூலை உதைத்தார். நிகழ்ச்சி நடத்திய ஸ்டீவ் ஆலன் அதைத் திருப்பி எறிந்தார். நாடே சிரித்தது, கைதட்டியது. இசைத்தட்டுகள் விற்றுத் தள்ளின. ஒரு இரவுக் கச்சேரிக்கு 10 ஆயிரம் டாலர் வரை வாங்கினார்.

விமான நிலையத்தில்...

1958 மே மாதம் லண்டன் போய் இறங்கினார். கூட ஒரு சிறுமி இருந்தாள். "நீ யார்?" என்று பத்திரிகை நிருபர் கேட்டார்.

அவள் ஜெர்ரியின் மனைவி!

வயது 15 என்று ஜெர்ரி சொன்னார். அது பொய். உண்மையில் 13. அவருடைய வாத்தியக் குழுவில் இருந்த உறவினரின் மகள். ஜெர்ரிக்கு இது மூன்றாவது கல்யாணம். முந்தைய மனைவியுடன் விவாகரத்து முடிவதற்கு முன்பே நடந்த கல்யாணம்!

அவருடைய ஊர்ப் பக்கத்தில் சிறுவயதுக் கல்யாணம் அப்போது புதிது அல்ல. அவரே முதல் முறை மணமுடித்தபோது வயது 16. "அவளை அழைத்துப் போகவேண்டாம்" என்று வேண்டியவர்கள் எச்சரித்தும் அவர் கேட்கவில்லை.

லண்டன் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் வெளியிட்டன. கச்சேரிகளில் ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். மூன்று கச்சேரிகளோடு பயணம் ரத்தாயிற்று.

அமெரிக்கா திரும்பினால், அங்கும் அதே கதை! வானொலி நிலையங்கள் அவருடைய தட்டுகளை ஒதுக்கின. 10 ஆயிரம் டாலர் வாங்கியவர் 250 டாலருக்குச் சின்னச் சின்னச் சாராயக் கடைகளில் வாசித்தார்.

இதற்கு அவர் யாரைக் குறை சொல்ல முடியும்? பள்ளிக்கூடம் போகவேண்டிய குழந்தையை மணந்தவர் அவர்தானே! அந்தப் பெண் 1970-ல் விவாகரத்துப் பெற்றார். பட்ட பாட்டைப் பின்னர் புத்தகமாக எழுதினார்.

மீண்டும் ஏறினார்

ஆனால் ஜெர்ரி வாசிப்பதை நிறுத்தவில்லை. 1968-ல் பாதையை மாற்றினார். தென் மாநிலத்துக் கிராம மக்களின் "கன்ட்ரி" பாட்டுக்குத் திரும்பினார். குடியில் கெட்டவன், காதலில் தோற்றவன், வீட்டை இழந்தவன் ஆகியோரின் பாட்டு அது. அடிபட்டவர் குரலில் அது உண்மையாக ஒலித்தது. "அனதர் பிளேஸ், அனதர் டைம்" என்ற தட்டு அவரைத் தூக்கி நிறுத்தியது. அடுத்தடுத்து வெற்றிகள்!

கன்ட்ரி பாட்டின் தலைநகரம் நாஷ்வில். இளமையில் அவரைத் திருப்பி அனுப்பிய ஊர். அங்குள்ள புகழ்பெற்ற "கிராண்ட் ஓல் ஆப்ரி" மேடையில் 1973-ல் ஏறினார். "ராக் அண்ட் ரோல் கூடாது" என்பது நிபந்தனை. அதை மீறினார். நேரக் கணக்கையும் மீறி, சுமார் 40 நிமிடம் வெளுத்து வாங்கினார்!

புகழ் திரும்பியது, நிம்மதி திரும்பவில்லை. ஒரு மகன் 3 வயதில் நீரில் மூழ்கி இறந்தான். இன்னொரு மகன் 19 வயதில் கார் விபத்தில் மாண்டான். குடியும் மாத்திரைகளும் அவரை அரித்தன. "சாத்தானின் பாட்டைப் பாடுகிறோமோ, நரகம்தான் கிடைக்குமோ" என்ற பயமும் கடைசிவரை விடவில்லை.

12 நாட்கள்

1986-ல் "ராக் அண்ட் ரோல்" புகழ் மண்டபம் முதன்முதலாகச் சேர்த்துக்கொண்டவர்களில் அவரும் ஒருவர். கன்ட்ரி இசைப் புகழ் மண்டபமோ 2022 வரை காக்க வைத்தது. அக்டோபர் 16-ந் தேதி விழா நடந்தது. நோயில் படுத்திருந்த அவரால் போக முடியவில்லை.

12 நாட்கள் கழித்து, அக்டோபர் 28-ந் தேதி, மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள வீட்டில் காலமானார். வயது 87.

தகப்பனார் நிலத்தை வைத்து வாங்கிக் கொடுத்த அந்தப் பழைய பியானோவை ஜெர்ரி கைவிடவே இல்லை. வாசித்து வாசித்துக் கட்டைகள் தேய்ந்து போயிருந்தன!